பெயர் போடாத பத்திரிகை

ஜூன் 4, 2023, ஞாயிறு

சோலைமலை காலையிலேயே வந்தார், கையில் வடைப் பொட்டலத்தோடு. வடையோடு வந்தால் ஏதோ வேலையை என் தலையில் கட்டப் போகிறார் என்று அர்த்தம். இன்று கட்டியது பெரிய மூட்டை. சென்னைப் பதிப்பகம் ஒன்று எங்கள் ‘முள்வாங்கி’ பத்திரிகையின் எல்லா இதழ்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போடப் போகிறதாம். முன்னால் பத்திரிகையின் வரலாறும், அதிலிருந்து முளைத்த எங்கள் புத்தகக் கம்பெனியின் வரலாறும் வர வேண்டுமாம்.

“ஏ அங்கை, நீ எழுதிரு. ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கு. எனக்கு நேத்து ஊத்துன கொழம்பே மறந்துபோகுது.”

“ஆசிரியர் நீங்கதானே. நீங்களே எழுதுங்க.”

“நான் எழுதுனா மேடைப் பேச்சா வந்துரும். நீ டைப் அடிச்சவ. உள்ளத உள்ளபடி அடிப்ப.”

டைப் அடிச்சவ. சரி. வடையில் எனக்கு ஒன்று மிச்சம் வைத்துவிட்டுப் போனார், அதுவும் ஆறிப்போனது.

மத்தியானம் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மாடிக்கும் கீழுக்குமாக நடந்து முழங்கால் வலியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

‘1979ஆம் ஆண்டு மதுரையில் மூன்று இளைஞர்கள்’ என்று ஆரம்பித்தேன். கிழித்தேன். மூன்று இளைஞர்களா? இரண்டு இளைஞர்கள், ஓர் இளம்பெண். இளம்பெண் என்று என்னைப் பற்றி எழுதக் கை கூசியது. அதையும் கிழித்தேன்.

சோலைமலை அப்போது பஸ் கம்பெனியில் கிளார்க். ஞானதுரை பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். மூன்று பேருக்கும் எல்லாவற்றின் மேலும் கோபம். வாரப் பத்திரிகைத் தொடர்கதை மேல், ரசிகர் மன்றத்தின் மேல், சாதிச் சங்கத்தின் மேல், திருமணத்தின் மேல், ‘நன்றாக இருக்கிறீர்களா’ என்று கேட்பவர்கள் மேல்கூட. பதிவு கிடையாது, விலை கிடையாது. பின்னட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுவிட்டுப் பெரியார் பஸ் நிலையத்தில் போகிற வருகிற எல்லார் கையிலும் திணித்தோம். கையில் வாங்கியவர்களில் பாதிப்பேர் அதில் கடலை மடித்துத் தின்றார்கள்.

யார் எழுதியது என்று எதற்கும் பெயர் போடவில்லை. இதைத்தான் எல்லாரும் இன்னும் பேசுகிறார்கள்.

ஜூன் 9, வெள்ளி

மாவு அரைக்கப் போட்டுவிட்டு எழுதுகிறேன். கிரைண்டர் சத்தத்தில்தான் இன்று எழுத வருகிறது.

எங்கள் வழக்கம் இது. எழுதுகிறவர்கள் வாரத்துக்குள் என்னிடம் தாளைக் கொடுக்க வேண்டும். நான் டைப் அடித்து, கையெழுத்துத் தாளை எங்கள் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். டைப் அடித்தவற்றை ஒரு மஞ்சப்பையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்கு, ஞானதுரை வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோவேன். பைக்குள் கைவிட்டு யாருக்கு எது வருகிறதோ அவர் அதை உரக்க வாசிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எழுதியவரும் இருப்பார், முகத்தில் காட்டக் கூடாது. பிடித்தால் இதழில் போடுவோம், இல்லாவிட்டால் அங்கேயே கிழித்துவிடுவோம். ‘இதை யார் எழுதுனது’ என்று கேட்டவர் அந்த இதழ்க் கட்டு முழுவதையும் சிம்மக்கல் அச்சாபீஸிலிருந்து தலையில் சுமந்து வர வேண்டும். அந்தச் சட்டம் சோலைமலை போட்டது. ஓரிரு முறைக்குப் பிறகு எவரும் கேட்கவில்லை.

இதனால் ஒரு நன்மையும் இருந்தது. சாதிச் சங்கத்தைக் கிண்டலடித்த இதழுக்காக ஓர் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். யார் எழுதியது என்றார். தெரியாது என்றோம். சோலைமலைக்கு நிஜமாகவே தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்கவில்லை, டீ போடச் சொன்னார்.

எல்லார் எழுத்தும் எனக்குத் தெரியும். என் எழுத்து யாருக்கும் தெரியாது. ஆமாம், நானும் அந்தப் பையில் போட்டிருக்கிறேன், நிறையவே போட்டிருக்கிறேன். டைப் அடிக்கிறவள் எழுதுவாள் என்று எவருக்கும் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தானே.

மாவு பொங்குவதற்குள் எடுக்க வேண்டும்.

ஜூன் 12, திங்கள்

சென்னையிலிருந்து ரெஹானா என்ற பெண் பேசினாள். தொகுப்புக்கு அவள்தான் பொறுப்பு. மரியாதையான குரல், ஆனால் விடுகிற ஆள் இல்லை.

“மேடம், பெயர் இல்லாம எங்களால ஒப்பந்தம் போட முடியாது. ஒவ்வொண்ணுக்கும் எழுதினவங்க யாருன்னு வேணும். அவங்க இல்லன்னா வாரிசு கையெழுத்துப் போடணும்.”

“எங்க பத்திரிகையோட கொள்கையே அதுதாம்மா. பேரு கிடையாது.”

“கொள்கைக்குக் கையெழுத்துப் போட ஆள் வேணுமே மேடம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோலைமலையிடம் சொன்னேன். போனிலேயே குதித்தார். கொள்கையை விற்கிறதா, அதுக்கு எல்லா இதழையும் வைகையில் போட்டுடலாம் என்றார். வைகையில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

ஜூன் 15, வியாழன்

குதித்த மனிதர் மூன்றே நாளில் இறங்கிவிட்டார். ‘காலத்துக்கு ஏத்த மாதிரி போவோம் அங்கை’ என்கிறார். அவருக்கு ஞாபகம் இருந்ததற்கெல்லாம் அவரே ரெஹானாவிடம் பெயர் சொல்லிவிட்டாராம். ஞாபகம் இல்லாததை என்னிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னாராம்.

“‘இரண்டாம் கழுநீர்’ கதை?” என்று கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

“அதுல என்ன சந்தேகம்? ஞானதுரை. ஊருக்கே தெரியுமே. அவரு இல்லாததால அவரு சம்சாரம் ரோஸ்லின் கையெழுத்துப் போடணும். ரெஹானா வர்ற திங்கக்கெழமைக்கு அடுத்த திங்க நேரா அங்க போறா.”

அது ஞானதுரை எழுதியதில்லை. நான் எழுதியது.

அரிசியை இரண்டாவது முறை களைந்த தண்ணீரை எங்கள் பக்கம் கொட்ட மாட்டார்கள், குழம்புக்கு ஊற்றுவார்கள். ஒரு பெண் அரிசி களைகிறாள். மேலே மாடியில் ஆண்கள் உலகத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவள் கை தண்ணீருக்குள் இருக்கிற அந்தச் சிறிது நேரம் என்னவெல்லாம் நினைக்கிறாள், அவ்வளவுதான் கதை. முள்வாங்கி என்றாலே இன்று ஜனங்கள் சொல்வது அந்த ஒன்றைத்தான்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. யார் பெயர் வந்தால் என்ன. வயசு அறுபத்தெட்டு ஆகிறது, இனிமேல் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன ஊறுகாயா போடப் போகிறேன்.

ஜூன் 16, வெள்ளி

பால்காரரோடு சண்டை. தப்பு என் மேல்தான்.

ஜூன் 18, ஞாயிறு

வரலாற்றில் கம்பெனிப் பகுதியை எழுதினேன். பத்திரிகை நடந்துகொண்டிருக்கும்போதே புத்தகம் போட ஆரம்பித்தோம். முதல் புத்தகம் ஓட்டல் தொழிலாளிகள் வாயால் சொன்ன கதைகள். ஆசிரியர் பெயர் இல்லாததால் நூலகத்தில் எடுக்கவில்லை, கடையில் வைக்கவில்லை. பிறகு ஞானதுரைக்கு ஒரு யோசனை வந்தது. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாம்பூலப் பைக்குள் தேங்காய்க்குப் பதிலாகப் புத்தகத்தைப் போட்டோம். திருமணத்தைத் திட்டி எழுதிய புத்தகம்கூட அப்படி ஒரு முகூர்த்தத்தில் போய்விட்டது. பெண்ணின் தாய்மாமன் எங்களை ஆரப்பாளையம் வரை விரட்டினார்.

1994இல் பத்திரிகை நின்றது. கம்பெனி இன்று சோலைமலை வீட்டில் ஓர் இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது.

1996இல் ஞானதுரை இறந்தார். இரங்கல் கூட்டத்தில் சோலைமலை அழுதுகொண்டே, “இரண்டாம் கழுநீரை எழுதுன கை இன்னிக்கு மண்ணுக்குள்ள போயிருச்சு” என்றார். எதை வைத்துச் சொன்னார் என்றால், பையிலிருந்து அதை எடுத்து வாசித்தவர் ஞானதுரை. வாசிக்கும்போது தொண்டை அடைத்துப் பாதியில் எழுந்து கீழே போய்விட்டார். தன் கதையை வாசிக்க நேர்ந்ததால் அழுதார் என்று சோலைமலை அன்றே முடிவுகட்டிவிட்டார். சட்டப்படி கேட்கவும் இல்லை.

கூட்டத்தில் நான் எழுந்து சொல்லியிருக்க முடியுமா? முன் பெஞ்சில் ரோஸ்லின், எனக்கு ரோஸி, கறுப்புச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அதைக் கேட்டதும்தான் அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

பிறகு வருடா வருடம் ஞானதுரை நினைவுச் சொற்பொழிவு. ‘ஓர் ஆண் பெண்ணின் மனசுக்குள் இவ்வளவு ஆழமாக எப்படிப் போனார்’ என்று ஒரு விமர்சகர் ஒரு மணி நேரம் வியந்தார். நான் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். கல்லறையிலும் அந்தக் கதையின் வரியைத்தான் வெட்டியிருக்கிறார்கள்: ‘தண்ணீர் தெளியட்டும் என்று காத்திருந்தேன், அதற்குள் உலை கொதித்துவிட்டது.’ பாதிரியார் வேத வசனம் போடலாமே என்றாராம். ரோஸி ஒத்துக்கொள்ளவில்லை.

இன்றும் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 21, புதன்

ரெஹானா வந்தாள். முப்பது வயதிருக்கும், முதுகில் பெரிய பை. மதுரை வெயிலில் முகம் சிவந்து வந்தவளுக்கு மோர் கொடுத்தேன். இதழ்களை வரிசையாக விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். இது சோலைமலை, இது ஞானதுரை, இது திண்டுக்கல்லிலிருந்து எழுதிய ஒரு தபால்காரர் என்று சொல்லிக்கொண்டே போனேன். சோலைமலை தன்னுடையது என்று சொல்லியிருந்த இரண்டு தலையங்கங்கள் ஞானதுரையுடையவை. அதையும் சொன்னேன். கிழவர் வேண்டுமென்று செய்யவில்லை, மறந்திருப்பார்.

சிலவற்றுக்குத் தெரியவில்லை என்றேன். ரெஹானா அவற்றைத் தனியாக அடுக்கினாள். கடைசியில் ‘இரண்டாம் கழுநீர்’ வந்த இதழையும் எடுத்து அந்த அடுக்கின் மேல் வைத்தாள்.

“மேடம், நான் எல்லாத்தையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ படிச்சிட்டேன். ஞானதுரை சாரோட மத்த எதுலயும் அடுப்படியே கிடையாது. நீங்க தெரியலன்னு சொன்ன எல்லாத்துலயும் இருக்கு.”

“அப்படியா.”

“நீங்க எழுதலையா மேடம்?”

இத்தனை வருடத்தில் என்னை இப்படி யாரும் கேட்டதில்லை.

“நான் டைப்பிஸ்ட்டும்மா,” என்றேன்.

அவள் மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “திங்கட்கிழமை ரோஸ்லின் மேடம்கிட்ட கையெழுத்து வாங்கிட்டா அப்புறம் மாத்த முடியாது,” என்று சொல்லிவிட்டுப் போனாள். போன பிறகு அலமாரியில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்துத் துடைத்தேன். துடைத்து முடித்ததும் மறுபடி துடைத்தேன். டைப்பிஸ்ட்டாம். என் வாயைக் கொண்டுபோய் எங்கே தேய்ப்பது.

ஜூன் 22, வியாழன்

பொறுக்கவில்லை. சோலைமலையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

“வெளையாடாத அங்கை.”

“வெளையாடுற வயசா எனக்கு?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

“அப்ப நான் இத்தன வருசமா மேடையில நின்னு...”

“ஆமா. நானும் எதுத்தாப்லதான் ஒக்காந்திருந்தேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“யாரு எழுதுனதுன்னு கேட்டா கட்டு சொமக்கணும்னு சட்டம் போட்டது யாரு?”

மனிதர் உடைந்துபோனார், குரலிலேயே தெரிந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மன்னிச்சிரு என்றார். பிறகு மெதுவாக, “மத்ததுக்கெல்லாம் ஒன் பேரப் போட்டுருவோம். இது ஒண்ண மட்டும் விட்ரு. ரோஸி அத வச்சுத்தான் காலம் தள்ளிக்கிட்டு இருக்கு. ‘அவரு வாயத் தெறந்து எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல, ஆனா என்னைய எப்படிப் பாத்திருக்காரு பாருங்க’ன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கு. அத நீ புடுங்கிராத,” என்றார்.

என்னிடமும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு நவம்பரும் கல்லறைத் திருநாளில் அந்தக் கல்லைத் துடைத்துக்கொண்டே சொல்லுவாள். நான் தண்ணீர் ஊற்றுவேன்.

ஜூன் 24, சனி

சோலைமலை சொல்வது நியாயம்தான். விட்டுவிடலாம் என்று காலையில் முடிவுசெய்தேன். காய்கறி நறுக்கினேன், துணி துவைத்தேன், மனசு லேசாக இருந்தது.

மத்தியானம் வரலாற்றை முடிக்க உட்கார்ந்தேன். ‘முள்வாங்கி யாருக்கும் பெயர் தரவில்லை’ என்று எழுதினேன். அது பொய். சோலைமலை எழுதியது சோலைமலையுடையது என்று ஊருக்குத் தெரியும், டீக்கடையில் அவரே சொல்லிவிடுவார். ஞானதுரை எழுதியதை அவர் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். தபால்காரருக்குக்கூடத் திண்டுக்கல்லில் மாலை போட்டார்கள். பெயர் போடாத பத்திரிகையில் நிஜமாகவே பெயர் இல்லாமல் போனது நான் ஒருத்திதான். இதை எழுதிவிட்டு அழுதேன். கோபத்தில் வந்த அழுகை.

எனக்கு என் பெயர் வேண்டும். ஊறுகாய் போடவாவது வேண்டும்.

நாளை செல்லூர் போகிறேன். திங்கட்கிழமைக்குள் ரோஸி என் வாயால் கேட்க வேண்டும், ரெஹானா வாயால் அல்ல.

ஜூன் 25, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து ரோஸி சேலைகூட மாற்றாமல் எனக்குத் தோசை ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லு என்றாள். ஏதோ சொல்ல வந்திருக்கிறேன் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “இரண்டாம் கழுநீர் அவரு எழுதுனது இல்ல ரோஸி. நான் எழுதுனது.”

அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவிக்கொண்டே இருந்தாள். கல் புகைய ஆரம்பித்ததும் நான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

“சோலைமலை அண்ணனுக்குத் தெரியுமா?”

“வியாழக்கெழமதான் சொன்னேன்.”

“நான் கட்டிக்கிட்ட நாள்லேருந்து அந்த மனுசன் எங்கிட்ட உப்பு இருக்கு, உப்பு இல்ல, இது ரெண்டத் தவிர வேற பேசுனதில்ல. செத்தப்ப எனக்கு அழுகையே வரல, தெரியுமா ஒனக்கு? இந்தக் கத அவரு எழுதுனதுன்னு அண்ணன் சொன்னாருல, அப்பத்தான் வந்துச்சு. அதுக்காகத்தான் நான் அவர மன்னிச்சேன். இப்ப வந்து இல்லங்குற.”

பேரே வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஒன்னுது ஒன்னுதுதான். நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேரப் போட்டுக்க.” கோபமாகத்தான் சொன்னாள். பிறகு, “யாரப் பாத்து எழுதுன?” என்றாள்.

“என்ன?”

“ஒன் வீட்டுல ஒங்க அம்மாதான் ஒலை வைக்கும். நீ எங்க அரிசி களைஞ்ச? யாரப் பாத்து எழுதுன?”

“ஒன்னயப் பாத்துத்தான்.”

ரோஸி என்னையே பார்த்தாள்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் மஞ்சப்பையத் தூக்கிட்டு மாடிக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து நிப்பேன்ல. நீ களைஞ்சுக்கிட்டு இருப்ப. ஏதாவது பேசுவியான்னு பாப்பேன். பேச மாட்ட, ஆனா மூஞ்சியில எல்லாம் ஓடும். அதத்தான் எழுதுனேன். எல்லாமே நீதான் ரோஸி.” ஆறுதலுக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று இன்னொன்றையும் சொன்னேன். “அவருக்கும் அது நீதான்னு தெரிஞ்சிருக்கு. இல்லாட்டி வாசிக்கும்போது ஏன் அழணும்?”

“தெரியும்,” என்றாள். “அன்னிக்குக் கீழ எறங்கி வந்தாரு. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. தண்ணி கேட்டாரு. குடுத்தேன். குடிச்சிட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னாரு. ஏதோ சொல்லப்போறாருன்னு நெனச்சேன். சொம்பக் குடுத்துட்டு மேல போயிட்டாரு.”

தோசை மாவுப் பாத்திரத்தை மூடி உள்ளே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு பின்னாலேயே நீயும் எறங்கி வந்த அங்கை. அந்தா, அந்தக் கதவுகிட்டதான் நின்ன. என்னயப் பாத்து எழுதுனவ, நீயும் ஒண்ணும் சொல்லல.”

நான் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வரவில்லை.

ஜூன் 26, திங்கள்

ரெஹானாவைக் கூப்பிட்டு என் முழுப் பெயரைச் சொன்னேன். அங்கயற்கண்ணி. இனிஷியல் வேண்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். “ரொம்ப சந்தோஷம் மேடம்,” என்றாள். எனக்கும் சந்தோஷம்தான்.

ரோஸிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. தண்ணி லாரி இன்னும் வரவில்லை, வந்தால் பக்கத்து வீட்டில் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். செல்லூருக்குக் கிளம்புகிறேன்.